கருமாதி தள்ளிப்போன வீடு

பிப்ரவரி 2

இது போன வருசத்து டைரி. வருசம் பிறந்ததும் பல்கலைக்கழகத்தில் வாத்தியார்களுக்கு டைரி கொடுப்பார்கள். மாமா அதை அப்படியே என்னிடம் கொடுத்துவிடுவார், பால் கணக்கு எழுத. இந்த வருசம் காசில்லை என்று டைரி அடிக்கவில்லை. பழையதில் வெறுமனே கிடந்த பக்கங்களில் எழுதுகிறேன். கிழமை ஒத்துவராது.

மாமா போன வியாழக்கிழமை இறந்துபோனார். மாமா என்றால் என் தாய்மாமா, அவரைத்தான் கட்டினேன். பெயர் தவசி. தாவரவியல் புரொபசர். நான் படித்தது ஆறாவது. பிள்ளை இல்லை.

வருகிறவர்கள் எல்லாரும் எப்படி ஆச்சு என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். காலையில் எழுந்ததிலிருந்தே நெஞ்சு கரிக்கிறது என்றார். சுக்கு தட்டிப்போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கு வீட்டில் இருங்கள் என்றேன். "இன்னைக்கு நான் போகலன்னா கனகசபாபதி எதுலயாவது கையெழுத்துப் போட்டுருவான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். ஆபீஸ் முன்னால் தர்ணா பந்தலில் பேசிக்கொண்டிருந்தவர் மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

கையெழுத்து விசயத்தை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. கனகசபாபதி அண்ணன் அங்கேயே நிற்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது.

சொல்லிச் சொல்லி எனக்கே அது அடுத்த வீட்டுக் கதை மாதிரி ஆகிவிட்டது. அழுகை வரவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 4

இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மாமா படத்துக்கு முன்னால் நின்றார். அப்புறம் வெளியே போய் கனகசபாபதி அண்ணனிடம் பேசினார். அண்ணன்தான் வாத்தியார்கள் சங்கத்துக்குத் தலைவர். மாமா செயலாளர். ரெண்டு பேரும் ஒரே வருசம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

சண்டை எதற்கு என்றால், அரசாங்கம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிற பணத்தைக் குறைத்துவிட்டது. சம்பளம் ரெண்டு மாசமாகத் தள்ளிப்போகிறது. மூன்று துறையை ஒன்றாகச் சேர்க்கப் போகிறார்கள். வருசா வருசம் புதுப்பித்துக்கொண்டு வேலை பார்க்கிற கெஸ்ட் லெக்சரர் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லி உத்தரவு. இவ்வளவும் எனக்கு இந்த நாலு நாளில் தெரிந்தது. மாமா வீட்டில் இதையெல்லாம் பேசமாட்டார்.

இனிமேல் உள்ளே கூட்டம் கூடாது, தர்ணா கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கிவிட்டார்களாம். ஆபீஸ் முன்னால் இருந்த பந்தலைப் பிரித்துவிட்டார்கள்.

"அப்ப இது?" என்று அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் போட்டிருக்கிற ஷாமியானாவைக் காட்டிக் கேட்டார்.

"சார், இது சாவு வீடு. இதுல நாங்க என்ன சொல்ல முடியும்?"

இன்ஸ்பெக்டர் ஜீப் போன பிறகும் அண்ணன் பந்தலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மழை வருமா என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

பிப்ரவரி 5

துக்கம் கேட்க வருகிற கூட்டம் கூடிப்போனது. காலையில் வந்தவர்களே சாயங்காலமும் வருகிறார்கள். காலையில் வந்து போன கெமிஸ்ட்ரி சார் சாயங்காலமும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தாம்மா கேள்விப்பட்டேன்" என்றார். வாய்ப் பழக்கம். அவருக்கே சிரிப்பு வந்து கைக்குட்டையால் வாயை மூடினார். அழுகிறார் என்று நினைத்து ஒரு டீச்சர் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தது.

எல்லாரும் தணிந்த குரலில் பேசுகிறார்கள். எந்த டிபார்ட்மெண்டில் எத்தனை பேர் ஸ்டிரைக்கில் சேரக் கையெழுத்துப் போட்டார்கள், எந்த ஊர் காலேஜ் கூட வருகிறது, இதுதான் பேச்சு. மஃப்டியில் ஒரு ஏட்டு தினமும் வந்து உட்காருகிறார். அவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் பக்கமாக வந்தால், "தங்கமான மனுசன், போய்ட்டாரே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர் தள்ளிப் போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள்.

அவருக்கும் காப்பி கொண்டுபோனேன். "சீனி இல்லாமக் குடுங்கக்கா, எனக்குச் சுகர்" என்றார். குடித்துவிட்டு, "நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். இத்தனை பேரில் அதைக் கேட்டது அவர்தான். இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

பிப்ரவரி 8

ஊரிலிருந்து சின்ன மாமா வந்திருந்தார். மாமாவுக்குத் தம்பி, பேச்சிமுத்து. கொள்ளி வைத்தது அவர்தான். அஸ்தியையும் அவரே ஊருக்கு எடுத்துப் போயிருந்தார். பதினாறாம் நாள் கருமாதியை இங்கேயே வீட்டில் வைக்கலாமா, ஊரில் வைக்கலாமா என்று பேச வந்தார்.

அண்ணன் அவரைப் பந்தலில் உட்காரவைத்து, "பேச்சிமுத்து, ஒரு சின்ன உதவி. கருமாதிய கொஞ்சம் தள்ளி வைக்கணும். மாசக் கடைசியில மெட்ராஸ்ல பேச்சுவார்த்தை இருக்கு. அதுவரைக்கும் பந்தல் நிக்கணும். கருமாதி முடிஞ்சா பந்தலப் பிரிக்கணும், போலீஸ் விடாது" என்றார்.

"தள்ளி வைக்கணுமா? என்னய்யா பேசுதீரு. பரீட்சையா இது, தள்ளி வைக்க?"

"தவசி இதுக்காகத்தான உயிர விட்டான்."

"உயிர விட்டவன அனுப்பி வைக்கணும்லா. வாசல்லயே நிப்பாட்டி வச்சா அவன் எங்க போவான்?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "தங்கச்சி சொல்லட்டும். தங்கச்சி என்ன சொன்னாலும் சரி."

பந்தலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேராசிரியர்கள் அத்தனை பேர் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. அவர் எடுத்த காரியம், முடியட்டும் என்றேன்.

சின்ன மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். உள்ளே அடுப்படிக்கு வந்து கதவோரம் நின்று, "ஏய் சோலை. காரியம் முடியணும்னு பாக்கியா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் தாலியோட இருக்கணும்னு பாக்கியா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கம் கருமாதி அன்றைக்குத்தான் தாலி வாங்குவார்கள். அதுவரைக்கும் பூவும் பொட்டும் உண்டு.

அடுப்பில் பால் பொங்கி வந்தது. இறக்கி வைத்தேன்.

பிப்ரவரி 9

மஞ்சள் தேய்த்துக் குளித்தேன். பழக்கம்தான்.

பிப்ரவரி 11

ரிஜிஸ்ட்ரார் துக்கம் கேட்க வந்தார். கார் வந்து நின்றதும் பந்தலே அமைதியாகிவிட்டது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் நாற்காலி போட்டேன்.

"கருமாதி என்னைக்கும்மா?"

தள்ளி வைத்திருக்கிறது என்றேன்.

"இதெல்லாம் தள்ளி வைக்கக்கூடாதும்மா. எங்க வீட்லயெல்லாம் ரொம்பப் பாப்போம். சாஸ்திரப்படி முடிச்சிருங்க. அப்புறம் குவார்ட்டர்ஸ காலி பண்ணணும், பென்சன் பேப்பரெல்லாம் இருக்கு. எல்லாம் சட்டுனு முடிச்சுத் தரேன். முதல்ல கருமாதி முடியட்டும்."

நல்லபடியாகத்தான் பேசினார். போகும்போது மாமா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் போனதும் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "பயமுறுத்துறான் மதினி, விட்டுக் குடுத்துறாதீங்க." "குவார்ட்டர்ஸ விட்டு உங்கள ஒருத்தனும் எறக்க முடியாது, நாங்க இருக்கோம்." இருபத்தாறு வருசமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இவர்களில் பாதிப் பேரின் முகமே இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. மதினி என்று கூப்பிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 13

இன்றைக்குப் பதினாறாம் நாள்.

காலையில் சின்ன மாமா போன் பண்ணினார். "ஊர்ல கம்மாக்கரையில வச்சு நாங்க முடிச்சிட்டோம். பிண்டம் கரைச்சாச்சு. ஊருக்குச் சாப்பாடும் போட்டாச்சு. அண்ணனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டேன். நீ ஒன் சங்கத்தோட இருந்துக்கோ."

"என்னைக் கூப்புடலியே மாமா."

"கூப்பிடத்தான வந்தேன்."

வைத்துவிட்டார்.

அங்கே அவரை அனுப்பிவிட்டார்கள். இங்கே படத்தில் இருக்கிறார், பந்தல் இருக்கிறது, ஊதுபத்தி புகைகிறது. யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு ரசம் மட்டும் வைத்தேன். ஏட்டு இன்றைக்கு வரவில்லை. மகள் காதுகுத்து என்று லீவாம்.

பிப்ரவரி 16

டம்ளர் கழுவுகிறதற்குத் தினமும் ஒரு பெண் கூட வருகிறது. எஸ்தர். மாமா டிபார்ட்மெண்டில் கெஸ்ட் லெக்சரராக இருந்தது. டாக்டர் பட்டம் வாங்கிய பிள்ளை. வீட்டுக்காரர் சவுதியில் இருந்து திரும்பி வந்து சும்மா இருக்கிறார். வேலை போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "திருப்பூர்ல எங்கக்கா இருக்கா. கம்பெனியில சூப்பர்வைசர் வேல இருக்குன்னா. பனியனுக்கு எதுக்கும்மா தாவரவியல்?" என்று சிரித்தது.

அது சொல்லித்தான் ஒன்று தெரிந்தது. சங்கத்தில் நிரந்தர வாத்தியார்கள் மட்டும்தான் இருந்தார்களாம். கெஸ்ட் லெக்சரர்களையும் சேர்க்க வேண்டும் என்று மாமா மூன்று வருசமாகச் சண்டை போட்டிருக்கிறார். பாதிப் பேர் வேண்டாம் என்றார்களாம்.

"யார் வேண்டாம்னது?"

எஸ்தர் பந்தல் பக்கம் பார்த்தது. "சார் எங்க எல்லார் பேரையும் ஞாபகம் வச்சிருப்பாரும்மா. மத்தவங்க எங்கள 'ஏம்மா கெஸ்ட்டு'ன்னுதான் கூப்பிடுவாங்க. சார்தான் எஸ்தர்னு கூப்பிடுவார்."

என்னை மாமா பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏய் என்பார், இல்லாவிட்டால் செருமுவார். செருமல் சத்தம் வந்தால் தண்ணீர் கொண்டுபோவேன். இதை எஸ்தரிடம் சொன்னேன். அது அழ ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஏன் என்று புரியவில்லை. தமாசாகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 19

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கனகசபாபதி அண்ணன் போனோடு அடுப்படிக்குள் வந்தார். வெளியே ஏட்டு இருக்கிறார், அதனால். நான் எழுந்திருக்கப் போனேன், உட்காரும்மா என்று கையைக் காட்டினார்.

"ஆமா சார்... சம்பளம் அரசாங்க நிதியிலிருந்து நேரா வந்துரணும் சார்... சேக்குறத ஒரு வருசம் நிறுத்தி வச்சாப் போதும்... அதுவா சார், கெஸ்ட் விசயம் அப்புறமாப் பேசிக்கலாம். ஒரு கமிட்டி போட்டாப் போதும் சார்... இல்ல சார், இப்ப அவன் இல்லல்லா. நான் பாத்துக்கிடுறேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வீட்ல இருந்து, தங்கச்சி. சாப்பிட வரலையான்னு கேக்கா."

மோர் ஊற்றிக் கொடுத்தேன். பெண்டாட்டியை சார் என்று கூப்பிடுகிற மனுசனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 20

எஸ்தரிடம் சொல்லலாமா என்று காலையிலிருந்து யோசனை. பெரிய பெரிய ஆட்கள் பேசுகிறது. அரைகுறையாகக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை வயிற்றில் புளியைக் கரைக்கக் கூடாது. அதனால் அண்ணனிடமே கேட்டுவிட்டேன். சாயங்காலம் படத்துக்கு மாலை மாற்ற வந்தார்.

"அண்ணே, கெஸ்ட் பிள்ளைகள விட்டுற மாட்டீங்கள்ல?"

அவர் முகம் சட்டென்று மாறியது. அப்புறம் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். "தவசி மேல சத்தியம் தங்கச்சி. இந்தப் போராட்டமே அவுங்களுக்காகத்தான்."

பக்கத்தில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

கண்ணாடியில் அண்ணன் கை பதிந்துவிட்டது. சேலை முந்தியால் துடைத்தேன்.

பிப்ரவரி 22

அண்ணனும் இன்னும் நாலு பேரும் மெட்ராஸ் போயிருக்கிறார்கள். பந்தலில் எல்லாரும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நல்ல செய்தி வந்தால் பாயசம் வைக்கலாம் என்று ஒரு டீச்சர் சொன்னது. அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரி மதினி, சாவு வீட்ல" என்றது. பரவாயில்லை, வைத்தால் போகிறது என்றேன். அவர் பாயசம் விரும்பிச் சாப்பிடுவார்.

பிப்ரவரி 24

காலையில் எப்போதும்போல பெரிய பாத்திரத்தில் காப்பி போட்டேன். யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையோ என்று டைரியைப் பார்த்தேன், இதில் பார்த்து என்ன புண்ணியம். ஏட்டும் வரவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

பத்து மணி வாக்கில் பந்தல்காரன் காளீஸ்வரன் டெம்போவோடு வந்தான். வந்ததும் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"என்னப்பா, யாரு அவுக்கச் சொன்னது?"

"கனகசபாபதி சார்தாங்க்கா. ஒங்களுக்குத் தெரியாதா? ஸ்டிரைக்குதான் வாபஸ் ஆயிருச்சே. நேத்தே டீவில ஓடுச்சு, வெற்றி வெற்றின்னு. ஞாயித்துக்கிழம ஆடிட்டோரியத்துல விழாவாம். இந்தத் துணியவே அங்க வாசலுக்குக் கட்டச் சொல்லியிருக்காரு. வெள்ளத் துணி வேண்டாம், கலர்த் துணி போடுன்னாரு, கலர் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருக்கு. இத வச்சு ஒப்பேத்தணும்."

நாற்காலிகளை அடுக்கும்போது ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "அது கெடக்கட்டும்க்கா, நாளைக்கு எடுத்துக்கிடுதேன்" என்று போய்விட்டான்.

பந்தல் போன பிறகு வாசலில் வெயில் பளீர் என்று அடிக்கிறது. கண் கூசுகிறது.

பிப்ரவரி 25

எஸ்தர் வந்தது. அதுதான் விவரம் சொன்னது. சம்பளம் இனி தேதிக்கு வந்துவிடும். துறைகளைச் சேர்ப்பது ஒரு வருசத்துக்கு நிறுத்தம். கெஸ்ட் லெக்சரர் விசயத்துக்குக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். கமிட்டி முடிவு சொல்கிறவரைக்கும் யாரும் வேலைக்கு வரவேண்டாம்.

"கமிட்டி எப்பம்மா முடியும்?" என்று கேட்டேன். அது என்னைப் பார்த்து, "நீங்கதான் என்னை அம்மான்னு கூப்பிடுறீங்க இப்ப" என்றது.

அடுப்படியில் நான் கேட்டதை அப்போது சொன்னேன். எஸ்தர் கோபப்படும் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. "சொல்லியிருந்தாலும் நாங்க என்னம்மா செஞ்சிருப்போம்? எங்களுக்கு ஓட்டே இல்லையே சங்கத்துல" என்றது. டம்ளர்களைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போனது. இனி டம்ளர் கழுவ வேலை இல்லை.

பிப்ரவரி 27

கனகசபாபதி அண்ணன் சம்சாரம் வந்தது. கையில் பழம். வாசலுக்கு உள்ளே வரவில்லை.

"மதினி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. விழாவுக்கு ஒங்களத்தான் முதல்ல மேடையில உக்காரவைக்கணும்னு இவுக சொன்னாக. ஆனா குத்துவிளக்கு ஏத்துறது இருக்கு, மந்திரி வீட்டாளுகளும் வாராக. ஒங்களுக்கு இன்னும் கருமாதி ஆகலியே. தீட்டு இருக்குல்லா. யாராவது ஏதாவது சொல்லுவாக."

"ஊர்ல முடிச்சிட்டாங்க" என்றேன்.

"ஊர்ல முடிச்சா?" என்று என் கழுத்தைப் பார்த்தது. "தாலி வாங்கலியே மதினி."

உண்மைதான். வாங்கவில்லை.

"அண்ணன்தானம்மா தள்ளி வைக்கச் சொன்னது" என்றேன்.

"ஆம்பளைக்கு என்ன மதினி தெரியும்" என்றது. பழப் பையை வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போனது.

பிப்ரவரி 28

நாளைக்கு விழாவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.

மார்ச் 1

எழுதிவிட வேண்டும்.

எங்கள் பக்கம் தாலி வாங்குகிற அன்றைக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை போடுவார்கள். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். அதற்கப்புறம்தான் தாலியை எடுப்பார்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பிறந்த வீடு, புகுந்த வீடு ரெண்டுமே சின்ன மாமா வீடுதான். அவர் கைகழுவிவிட்டார். கோடி போட எனக்கு அண்ணன் என்று இருக்கிறது ஒருத்தர்தான். நாலு பேருக்கு முன்னால் தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டவர். கருமாதியைத் தள்ளி வைத்ததும் அவர்தான். அவர்தானே முடித்துவைக்க வேண்டும். இதில் சண்டை ஒன்றும் இல்லை, முறையைத்தான் கேட்கப் போனேன்.

ஆடிட்டோரியம் நிறைய ஆட்கள். மேடையில் மாமா படம் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் கனகசபாபதி அண்ணன் படமும் போட்டிருந்தது. எஸ்தரும் இன்னும் சில கெஸ்ட் பிள்ளைகளும் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எஸ்தர் ஓடிவந்தது. "எதுக்கும்மா வந்தீங்க, வாங்க போயிரலாம்" என்றது. நான் நடுவழியாகப் போனேன். யாரும் தடுக்கவில்லை. எல்லாரும் வழி விட்டார்கள். மதினி வந்துட்டாங்க, மதினி வந்துட்டாங்க என்று சத்தம். இத்தனை நாள் என் கையால் காப்பி குடித்தவர்கள்.

அண்ணன் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். "தவசி இன்றைக்கு நம்மோடு இல்லை, ஆனால் அவன் கண்ட கனவு" என்று சொல்லும்போது நான் மேடைப் படியில் ஏறிவிட்டேன். பேச்சை நிறுத்தினார்.

"வா தங்கச்சி" என்றார். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணே, நாள் தாண்டிப் போச்சு. காரியம் முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. எனக்குக் கோடி போட ஆளில்ல. நீங்க போட்டுவிடுங்கண்ணே. தாலிய எறக்கணும்."

மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்கு மட்டும் கேட்டிருக்கும். அவர் முகம் வெளுத்துப்போனது. மைக்கைக் கையால் பொத்தினார். "இங்க வச்சா தங்கச்சி? மந்திரி வீட்டாளுக இருக்காக" என்றார்.

"நீங்கதானண்ணே தள்ளி வைக்கச் சொன்னீங்க. கெஸ்ட் பிள்ளைகள விடமாட்டேன்னு அவரு படத்துல கைய வச்சுச் சொன்னீங்க. அதுதான் போச்சு. இதையாவது செஞ்சு குடுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பிக் கையை நீட்டினார். மேடை மேஜையில் வந்தவர்களுக்குப் போர்த்துகிறதற்குப் பொன்னாடை அடுக்கி வைத்திருந்தது. யாரோ ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். சிவப்பில் ஜரிகை போட்டது. அதைப் பிரித்து என் தோளில் போர்த்தினார்.

"தவசியின் துணைவியாருக்கு!" என்று மைக்கில் சொன்னார்.

ஆடிட்டோரியமே எழுந்து கை தட்டியது. போட்டோ எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா என்றார் போட்டோக்காரர். திரும்பினேன். என்னை மெதுவாகக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள், ஆட்டோ வரச் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது உள்ளே அண்ணன் பேச்சைத் தொடர்ந்தது கேட்டது. விட்ட இடத்திலிருந்துதான் தொடர்ந்தார்.

மார்ச் 2

பொன்னாடையைத் துவைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஜரிகை சாயம் போகும்.

மார்ச் 3

பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது. எஸ்தர் கொண்டுவந்து காட்டியது. நான் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. நான் சிரிக்கவில்லை, வெளிச்சம் கண்ணில் அடித்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு நன்றாகத் தெரிகிறது.

மத்தியானம் சின்ன மாமா போன் வந்தது. அவர் பெயரைப் பார்த்ததும் சந்தோசமாக எடுத்தேன்.

"பேப்பர் பாத்தேன். அண்ணன் செத்து நாப்பது நாள் ஆகல. தாலியோட மேடையேறிப் பட்டுப் போத்திக்கிட்டுப் பல்லக் காட்டிட்டு நிக்க. டீக்கடையில எல்லாவனும் எங்கிட்ட வந்து காட்டுறான். எம்பொம்பளப் பிள்ளைக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கேன். நீ இந்தப் பக்கம் வந்துராத சோலை."

"மாமா, அது கோடி கேட்டேன்" என்றேன்.

"என்னது?"

திரும்பச் சொல்வதற்குள் வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை.

அப்போதுதான் அழுகை வந்தது. இவ்வளவு நாள் வராதது. மாமாவுக்காக அழுதேனா என்றால் சொல்லத் தெரியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டு டீச்சர் சன்னல் கதவைச் சாத்தியது. முந்தி பந்தல் இருந்தபோது நான் தும்மினாலே ஓடிவருவார்கள்.

மார்ச் 4

ரிஜிஸ்ட்ரார் ஆபீசிலிருந்து ஆள் வந்து குவார்ட்டர்ஸ் காலி பண்ணுகிற தாளைக் கொடுத்தது. கருமாதி ஊரில் முடிந்துவிட்டதாகத் தகவல், ஆகையால் என்று எழுதியிருந்தது. கனகசபாபதி அண்ணனுக்குப் போன் பண்ணினேன். மீட்டிங்கில் இருக்கிறார் என்று வேறு யாரோ எடுத்தார்கள்.

எஸ்தர் சாயங்காலம் கூட உட்கார்ந்திருந்தது. "நான் கழட்டட்டுமாம்மா? எங்க சபையில இந்த வழக்கம் கெடையாது, என்ன சொல்லிக் கழட்டணும்னு தெரியாது. சொல்லிக் குடுங்க" என்றது. கையை என் கழுத்துப் பக்கம் கொண்டுவந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பார்க்கலாம் என்றேன். அது திருப்பூருக்கு நாளைக்குக் கிளம்புகிறது.

மார்ச் 6

சாமான் கட்டியாகிவிட்டது. மாமா புத்தகங்களை டிபார்ட்மெண்டில் எடுத்துக்கொள்ளவில்லை, இடம் இல்லையாம். பழைய பேப்பர்காரனுக்குப் போடவில்லை, அதையும் கட்டி வைத்திருக்கிறேன்.

லாரிக்காரன் வந்து பார்த்தான். நல்ல மனுசன். இவ்வளவு சாமானுக்குச் சின்ன வண்டியே போதும் என்றான். எந்த ஊருக்குக்கா என்று கேட்டான்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.